கோபத்துக்குத் தவணை

சபைக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தடவையாவது உட்கார்ந்து எழுந்தவருக்கு இது தெரிந்திருக்கும். நாவை அடக்குவது பற்றிய வசனங்கள் நமக்கு மனப்பாடம். ஆனால் கல்லறைத் தோட்டக் கணக்கோ பள்ளிக்கூட நியமனமோ பேச்சுக்கு வந்துவிட்டால் அதில் ஒன்றுகூட உதவிக்கு வராது. ஜெபத்தில் தொடங்கிய கூட்டம் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளிநடப்புச் செய்வதில் முடியும். இது தமிழ்ச் சபைகளுக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. கொரிந்துக்குத் திரும்பப் போகும்போது என்னென்ன காண நேருமோ என்று பவுல் அஞ்சிய பட்டியலில் (2 கொரிந்தியர் 12:20) சண்டையும் பொறாமையும் கோபமும் கோள் சொல்லுதலும் வரிசையாக வருகின்றன. சபை தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன காலம் அது.

ஒரு கிறிஸ்தவர் கோபப்படலாமா? நாவை அடக்க முடியுமா? முதல் கேள்விக்குச் சபைப் பிதாக்களிலிருந்து இன்றைய இறையியலாளர்கள் வரை ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி எழுதியதும் உண்டு, ஆனால் செய்து பார்த்ததுதான் அதிகம். எழுதியதைக் காட்டிலும் செய்து பார்த்ததில்தான் நமக்குப் பிரயோஜனம் என்பது என் எண்ணம். பிரசங்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவதும் அந்தப் பகுதிதான்.

வேதாகமம் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. நீதிமொழிகள் கோபத்தை மதியீனத்தின் அடையாளமாகப் பார்க்கிறது. கோபத்தை ஆளத் தெரிந்தவனைப் பட்டணம் பிடிக்கும் வீரனுக்கும் மேலே வைக்கிறது (16:32). பிரசங்கியும் அந்தப் பக்கம்தான். மோசேயோ இரண்டு தடவை வெடிக்கிறார், இரண்டுக்கும் முடிவு வேறு. பொற்கன்றைக் கண்டு கற்பலகைகளை உடைத்தபோது அவருக்கு ஒரு வார்த்தை கண்டனமும் வரவில்லை. காதேசில் தண்ணீருக்காக முறையிட்ட ஜனங்களைக் கடிந்து, கன்மலையைக் கோலால் இரண்டு முறை அடித்தபோது கானானுக்குள் நுழையும் பாக்கியமே பறிபோனது. அந்தச் சம்பவத்தை நினைவுகூரும் 106ஆம் சங்கீதம் கோலைப் பற்றிப் பேசவில்லை. மோசேயின் உதடுகள் பதறிவிட்டதைத்தான் குற்றமாகச் சொல்கிறது.

புதிய ஏற்பாட்டிலும் இந்த இழுபறி உண்டு. ஓய்வுநாளில் சூம்பின கையைச் சுகமாக்கலாமா கூடாதா என்று வேவு பார்த்தவர்களை இயேசு கோபத்தோடு பார்த்தார் என்று மாற்கு (3:5) ஒளிவுமறைவின்றி எழுதுகிறார், கூடவே அவருடைய துக்கத்தையும் எழுதுகிறார். தேவாலயத்துக் காசுக்காரரின் மேசைகளைக் கவிழ்த்த சம்பவம் எல்லாருக்கும் தெரியும். நம் கோபத்துக்கெல்லாம் அதைத்தான் சாட்சிக்கு அழைக்கிறோம். மாற்குவின் வரிசையைக் கவனித்தவர்கள் குறைவு. முதல் நாள் மாலை இயேசு தேவாலயத்துக்குள் போய் எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கிறார், பொழுது சாய்ந்ததால் பெத்தானியாவுக்குத் திரும்பிவிடுகிறார் (11:11). மேசைகள் கவிழ்ந்தது மறுநாள். ஓர் இரவு இடைவெளி விட்ட கோபம் அது. கமிட்டிக் கூட்டத்தில் நமக்கு வருவது அந்த ரகம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

மலைப்பிரசங்கம் கோபத்தையும் இழிசொல்லையும் கொலையின் பக்கத்திலேயே நிறுத்துகிறது. அந்த இடத்தில் (மத்தேயு 5:22) கையெழுத்துப் பிரதிகளுக்குள் ஒரு வேறுபாடு உண்டு. நம் பழைய தமிழ் வேதாகமம் நியாயமில்லாத கோபத்தை மட்டுமே கண்டிக்கிறது. மிகப் பழைய பிரதிகளிலோ அந்த விதிவிலக்கு இல்லை, சகோதரன்மேல் வரும் கோபம் எதுவானாலும் தீர்ப்புக்குரியது. எதைச் சரியான பாடமாகக் கொள்வது என்பதைப் பொறுத்தே கட்சிகள் பிரிந்தன. மூலத்தில் அது இல்லை, நீக்கிவிடலாம் என்றார் சபைப் பிதா ஜெரோம். கோபக்காரர்களுக்குச் சாக்கு கொடுப்பதற்காகப் பின்னால் நுழைந்த சேர்க்கை என்கிற தொனியில் பேசினார் துறவி யோவான் காசியன். அந்த ஒரு விதிவிலக்கின் நிழலில் எத்தனை தலைமுறை இளைப்பாறியிருக்கிறது என்று யோசித்தால் காசியனின் எரிச்சல் புரிகிறது.

சபை பிறந்த காலத்தில் ரோம உலகத்திலும் இதே வாதம் நடந்துகொண்டிருந்தது. ஸ்டோயிக் தத்துவவாதியான செனகா கோபத்தைப் பற்றி மூன்று பாகங்களில் ஒரு நூல் எழுதினார். கோபம் சிறிதும் வேண்டாம், போர்க்களத்தில்கூட வேண்டாம் என்பது அவர் கட்சி. நூலைத் தன் அண்ணன் நொவாட்டஸுக்குச் சமர்ப்பித்தார். அந்த அண்ணன் வேறொரு குடும்பத்துக்குத் தத்துப் போய்ப் பெயர் மாறினார். அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் பவுலை நியாயாசனத்துக்கு முன்பு இழுத்து வந்தபோது வழக்கைத் தள்ளிவிட்ட அகாயா நாட்டு அதிபதி கல்லியோன் அவர்தான். கண்ணெதிரே சொஸ்தேனேயை அடித்தபோதும் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. தம்பியின் போதனை நன்றாகவே பலித்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அநியாயத்தைப் பார்த்தும் சூடேறாத அமைதி எப்படி இருக்கும் என்பதற்கு லூக்கா நமக்கு விட்டுச்சென்ற சித்திரம் அது.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாக்டான்சியஸ் இந்த அமைதியை எதிர்த்தே தேவகோபம் பற்றித் தனி நூல் எழுதினார். தீமையைக் கண்டு கோபம் கொள்ள முடியாத கடவுளால் நன்மையை நேசிக்கவும் முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதை மனிதருக்கு நீட்டினார். கோபத்துக்குக் காரணமும் அளவும் சரியாக இருந்தால் அது பாவம் இல்லை. கோபப்பட வேண்டிய இடத்தில் கோபமே வராமல் இருப்பதும் ஒரு குறைதான் என்றார். கத்தோலிக்க ஒழுக்கவியலில் இன்றும் நிற்பது ஏறக்குறைய இந்த நிலைப்பாடு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கரான ஜோசப் பட்லரும் 1726இல் வெளியான தம் பிரசங்கங்களில் இதே வழியில் வந்தார். திடீரென வரும் கோபம் தற்காப்புக்காக இயற்கை தந்தது, அநீதியைக் கண்டு வரும் மனக்கசப்பு நீதிக்காகத் தரப்பட்டது, அளவு மீறிப் பழியாக மாறும்போதுதான் அது பாவம் என்று அவர் பிரித்துக் காட்டினார்.

எதிர்க் கட்சி பாலைவனத்துத் துறவிகளுடையது. அவர்களை அவசரமாகக் கடந்துபோக மனமில்லை. எகிப்தில் துறவிகளிடம் பாடம் கேட்டு, பிறகு மர்சேய் பக்கம் மடம் நிறுவிய யோவான் காசியன் தம் நூலின் எட்டாம் பாகத்தைக் கோபத்துக்கே ஒதுக்கினார். கண்ணை மறைப்பது தங்கத் தகடானால் என்ன, ஈயத் தகடானால் என்ன, பார்வை போவது போவதுதான் என்பது அவர் வாதம். நியாயமான கோபமும் அறிவை மறைக்கும். சொந்தப் பாவத்தின்மேல் வரும் கோபத்துக்கு மட்டும் அவர் இடம் கொடுத்தார். மற்றவர்கள்தான் நம்மைக் கோபப்படுத்துகிறார்கள், தனியாக இருந்தால் சாந்தமாகிவிடுவோம் என்று நினைப்பவர்களுக்கு அவர் தம் அனுபவத்தையே சொன்னார். வனாந்தரத்தில் ஆளே இல்லாமல் இருந்தபோது எழுதுகோல் தடித்துவிட்டது என்று அதன்மேல் கோபம் வந்தது. கத்தி மழுங்கிவிட்டது என்று கத்தியின்மேல், சிக்கிமுக்கிக் கல்லில் பொறி வரத் தாமதமானால் கல்லின்மேல். இணையம் மெதுவானால் செல்போனைக் கட்டிலில் வீசுகிற நமக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டு முந்தைய கூட்டாளி அவர். அமெரிக்காவில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் பத்தொன்பது வயதுவாக்கில் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட தீர்மானங்களிலும், அறிவில்லாத உயிர்கள்மேல் சிறிதும் கோபம் கொள்வதில்லை என்று ஒன்று இருக்கிறது. வண்டி இழுக்கும் குதிரையை நினைத்து எழுதியிருப்பாரோ என்னவோ.

வள்ளுவரும் வெகுளாமையைத் துறவறத்தில் வைத்திருக்கிறார், புறங்கூறாமையையும் பயனில சொல்லாமையையும் இல்லறத்தில் வைத்திருக்கிறார் என்பதை இங்கே போகிற போக்கில் நினைத்துக்கொள்ளலாம். கோபத்தை வேரோடு பிடுங்குவது துறவிக்கு, நாவை வைத்துக் குடித்தனம் நடத்துவது மற்றவர்களுக்கு என்ற பாகுபாடு நமக்கும் அந்நியமானதல்ல.

இரண்டு கட்சிகளில் எது சரி? வேதாகமத்தை முழுவதுமாகப் பார்த்தால் அக்குவினாஸின் பக்கம் கனம் அதிகம். மனித சுபாவத்தைப் பார்த்தால் காசியனின் பக்கம். எந்தக் கோபம் நியாயமானது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கோபத்தில் இருப்பவரேதான். அந்த நேரத்தில் அவருக்கு எல்லாக் கோபமும் நியாயமாகத்தான் தெரியும். ஆகையால் கோபப்படலாமா என்ற கேள்விக்கு என்ன விடை சொன்னாலும் நடைமுறையில் அது உதவாது. கோபம் வந்த பிறகு தீர்ப்பு யார் கையில், எவ்வளவு நேரம் கழித்து என்பதுதான் உதவும் கேள்வி.

அதைக் கேட்டவர்கள் சபைச் சரித்திரம் முழுவதும் இருந்திருக்கிறார்கள். எபேசியருக்கு எழுதிய நிருபம் கோபத்துக்குச் சூரிய அஸ்தமனத்தை எல்லையாக வைக்கிறது (4:26). பித்தாகரஸின் சீடர்களும் கோபத்தில் வசைபாடிவிட்டால் பொழுது சாயும் முன் கைகுலுக்கிச் சமாதானமாவார்கள் என்று புளூட்டார்க் எழுதியிருப்பதால், இப்படிக் கெடு வைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் பிறருக்கும் தெரிந்திருந்தது. முதல் தலைமுறைகளின் ஒழுங்கு நூலான டிடாகே, தோழனோடு மனஸ்தாபம் உள்ளவன் ஒப்புரவாகாமல் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகைக்கு வரக்கூடாது என்கிறது. மூன்றாம் நூற்றாண்டுச் சீரியாவின் டிடஸ்காலியா இன்னும் கெட்டிக்காரத்தனமானது. விசுவாசிகளுக்கு இடையிலான வழக்கை ஆயர் திங்கட்கிழமை விசாரிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஏன் திங்கள்? தீர்ப்பு பிடிக்காதவர் முறுக்கிக்கொண்டு போனாலும் அடுத்த ஞாயிற்றுக்குள் அவரைச் சமாதானப்படுத்த ஒரு வாரம் கிடைக்கும். காணிக்கை படைக்கும் முன் டீக்கன் எழுந்து, யாருக்காவது யார்மேலாவது மனக்குறை உண்டா என்று உரக்கக் கேட்கவும் வேண்டும். நம் ஊர்களில் சபைத் தகராறு ஞாயிறு ஆராதனை முடிந்த அதே மணி நேரத்தில், பசி வயிற்றோடு விசாரிக்கப்படுவதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்து ஒழுங்கின் 13ஆம் அத்தியாயத்தில் காலையிலும் மாலையிலும் கர்த்தருடைய ஜெபத்தைத் தலைவர் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று விதித்தார். காரணத்தையும் எழுதிவைத்தார். ஒன்றாக வாழும் இடத்தில் சச்சரவு என்னும் முட்கள் முளைத்தே தீரும், மன்னிப்பதாக வாயால் வாக்குக் கொடுத்தவர்கள் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். துறவிகள் சண்டை போடமாட்டார்கள் என்று அவர் கற்பனை செய்யவில்லை. சண்டை நாளுக்கு இரண்டு தடவை வெளுக்கப்படும்படி ஏற்பாடு செய்தார்.

ஹிப்போவில் அகஸ்டின் செய்தது வேறு. இல்லாதவரைப் பற்றி அவதூறு பேசுகிறவருக்கு இந்தப் பந்தியில் இடமில்லை என்று பொருள்படும் இரண்டு வரிகளைத் தம் சாப்பாட்டு மேசையில் எழுதிவைத்திருந்தார். அவரோடு வாழ்ந்த போசிடியஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். நெருங்கிய நண்பர்களான ஆயர்கள் சிலரே ஒருநாள் அதை மறந்து பேசத் தொடங்கியபோது, ஒன்று இந்த வரிகளை அழிக்க வேண்டும், இல்லையென்றால் நான் பந்தியை விட்டு என் அறைக்குப் போகிறேன் என்று அகஸ்டின் எழுந்தாராம். இது சுவரில் வாக்குத்தத்த வசனம் மாட்டுவது போன்ற காரியமில்லை, வீட்டுக்காரரே காவல் நின்ற விதி.

சரித்திரத்தில் மிகப் பெரிய தவணை ஓர் அரசனுடைய கோபத்துக்கு வைக்கப்பட்டது. 390ஆம் ஆண்டு தெசலோனிக்காவில், மக்களின் அபிமானம் பெற்ற தேரோட்டி ஒருவரைச் சிறையில் அடைத்ததற்காகக் கூட்டம் கலகம் செய்து தளபதி புத்தேரிக்கைக் கொன்றது. பேரரசர் தியோடோசியஸ் சீறி எழுந்து தண்டனைக்கு ஆணையிட்டார். படைவீரர்கள் நகரத்தாரை வெட்டிச் சாய்த்தார்கள். ஏழாயிரம் பேர் என்று தியோடரெட் எழுதுகிறார். அவசரமாக மனம் மாறி அனுப்பிய மறு ஆணை காலம் தாழ்ந்து போய்ச் சேர்ந்தது என்பார்கள். மிலான் ஆயர் அம்புரோஸ் அரசரை நேரில் சந்திக்காமல் ஒதுங்கிக்கொண்டு, தம் கைப்படவே ஒரு கடிதம் எழுதினார். மனந்திரும்பாமல் நற்கருணை இல்லை என்பதே அதன் செய்தி. அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. ஆலய வாசலில் அரசரை மறித்து நின்றதாக ஓவியர்கள் வரைந்த காட்சியைவிடக் கடிதமே நம்பத்தக்கது. கோபக்காரரிடம் நேருக்கு நேர் மோதாமல், அவர் தனியாகப் படித்து யோசிக்கும்படி எழுதினார் அம்புரோஸ், அதிலும் ஒரு படிப்பினை இருக்கிறது.

தியோடோசியஸ் அரச கோலத்தைக் களைந்து வெளிப்படையாகப் பிராயச்சித்தம் செய்தார். அதோடு ஒரு சட்டமும் கேட்டு வாங்கப்பட்டது என்கிறார் தியோடரெட். அரசன் விதிக்கும் கொடிய தண்டனை எதுவும் முப்பது நாள் நிறைவேறாமல் காத்திருக்க வேண்டும். 438இல் வெளியான தியோடோசிய சட்டத் தொகுப்பில் அந்தச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதில் உள்ள ஆண்டு 382 என்பதால் இரண்டும் ஒன்றுதானா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆண்டு எதுவானாலும் அதன் சிந்தனை அபூர்வமானது. இனிமேல் கோபப்படமாட்டேன் என்று அரசன் உறுதிமொழி கொடுத்திருந்தால் யாருக்கு என்ன லாபம்? அடுத்த கலகம் வரும்வரைதான் அது தாங்கும். கோபப்படுவேன், ஆனால் என் கோபத்துக்கு ஒரு மாதம் யாரும் கீழ்ப்படிய வேண்டாம் என்பது தன்னைத் தானே அறிந்தவன் போடும் சட்டம்.

இன்றைய ஆராய்ச்சியும் இந்தப் பக்கமே சாய்கிறது. மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் கோபம் ஆறிவிடும் என்ற நம்பிக்கையை அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் சோதித்துப் பார்த்தார். கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துமூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது, சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024இல் அவரும் சோஃபி கியார்விக்கும் வெளியிட்ட தொகுப்பு, உடலின் பதற்றத்தைத் தணிப்பவையே கோபத்தைக் குறைக்கின்றன என்று சொல்கிறது. மூச்சைச் சீராக்குவது, தியானம், ஓய்வு போன்றவை அவை. அம்புரோஸுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது. மனசுல பட்டதைப் பட்டுன்னு சொல்லிடுவேன், எனக்கு ஒளிவுமறைவு கிடையாது என்று பெருமை பேசுகிறவர்களுக்குத் தேவைப்படலாம்.

நாவைப் பற்றி யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் சொல்வது கடுமையானது. குதிரையின் கடிவாளம், கப்பலின் சுக்கான், காட்டைக் கொளுத்தும் சிறு நெருப்பு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, மிருகங்களையெல்லாம் பழக்கிய மனிதன் நாவைப் பழக்கியதே இல்லை என்று கைவிரிக்கிறார். பெரும்பாலான பிரசங்கங்கள் இதற்கு உடனே, ஆகவே இன்று முதல் நாவை அடக்குவோம் என்று முடிக்கின்றன. யாக்கோபு அப்படி முடிக்கவில்லை. அவரை உள்ளபடி எடுத்துக்கொண்டவர்கள் வேறு வழி தேடினார்கள். எகிப்தில் அப்பா அகத்தோன் மௌனம் பழகும்வரை மூன்று ஆண்டு வாயில் கூழாங்கல் வைத்திருந்தார் என்பார்கள். பாம்போ என்ற துறவி சங்கீதம் கற்கப் போய், 39ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைக் கேட்டதும் இதுவே போதும் என்று எழுந்து போய்விட்டார். பல ஆண்டு கழித்துக் கேட்டபோது, அந்த ஒரு வசனத்தையே இன்னும் சரியாகக் கற்றபாடில்லை என்றாராம்.

எல்லாருக்கும் கூழாங்கல் சரிப்படாது. பதினெட்டாம் நூற்றாண்டு மெதடிஸ்டுகள் கண்ட வழி நமக்குப் பக்கத்தில் வருகிறது. 1752ஆம் ஆண்டு ஜனவரி 29 அன்று ஜான் வெஸ்லியும் சார்லஸ் வெஸ்லியும் உடன் ஊழியர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் தீங்கானதைக் கேட்கமாட்டோம், விசாரிக்கவும் மாட்டோம். காதில் விழுந்துவிட்டால் எளிதில் நம்பமாட்டோம். சம்பந்தப்பட்டவரிடமே நேரிலோ எழுத்திலோ சீக்கிரம் சொல்லுவோம், அதுவரை வேறு யாரிடமும் ஒரு எழுத்துக்கூட மூச்சுவிடமாட்டோம். சொல்பவரின் நாவுக்கு முன்பே கேட்பவரின் காதுக்கு வேலி போட்டதுதான் இதில் புத்திசாலித்தனம். புறங்கூறுதலுக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் எழுந்து போய்விட்டால் அது நின்றுவிடும். ஜெர்மனியில் 1935 முதல் 1937 வரை ஃபின்கென்வால்டெயில் நாஜி எதிர்ப்புச் சபையின் போதகர்களைப் பயிற்றுவித்த டீட்ரிச் போன்ஹோஃபரும் மாணவர்களுக்கு ஏறக்குறைய இதே விதியைப் போட்டார். இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக்கூடாது, பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

நம் சபைகளில் இந்த விதியைத் தாண்ட ஒரு பரிசுத்தமான குறுக்குவழி உண்டு, அதற்கு ஜெபக் குறிப்பு என்று பெயர். ஜெபிக்கிறதுக்காகத்தான் சொல்றேன், வெளியே போகக்கூடாது என்ற முகவுரையோடு ஒரு குடும்பத்தின் மானம் வாட்ஸாப் குரூப்பில் ஏறிவிடுகிறது. லூத்தரன் சபையில் வளர்ந்தவர்கள் இதற்கு மறுமொழியைச் சிறுவயதிலேயே படித்தவர்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழில் கொண்டுவந்த முதல் நூல்களில் மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசமும் ஒன்று. பொய்ச்சாட்சிக் கற்பனைக்கு அதில் லூத்தர் சொல்லும் விளக்கம், அயலானுக்காகப் பரிந்து பேசவும், அவன் செய்ததை நல்லவிதமாகவே எடுத்துக்கொள்ளவும் வேண்டும் என்பது. 1529இல் இதை எழுதியவர், 1543இல் யூதர்களுக்கு எதிராக எழுதிய நூலில் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொன்னார். கோபம் தமக்குப் பேனாவைக் கூராக்குகிறது என்று நம்பிய மனிதர் அவர். நானூறு ஆண்டு கழித்து நாஜிகள் அந்த நூலை எடுத்து ஆண்டார்கள். அமெரிக்க இவாஞ்சலிக்கல் லூத்தரன் சபை 1994இல் அந்த எழுத்துகளைப் பகிரங்கமாக மறுதலித்தது. ஒரு போதகரின் கோபம் ஆறுவதற்கு நாலரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பேசுகிறவரின் பாவம். பேசாதவரின் பாவமும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் லியோனைச் சேர்ந்த டொமினிக்கன் துறவி வில்லியம் பெரால்டஸ் நாவின் பாவங்களை இருபத்து நான்காகப் பட்டியலிட்டார். தேவதூஷணத்தில் தொடங்கும் அந்தப் பட்டியலின் கடைசியில் விவேகமற்ற மௌனமும் இடம்பெறுகிறது. 1963இல் நிறவெறிக்கு எதிரான போராட்டத்தில் கைதாகி, பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம், பொறுமை காக்கச் சொன்ன எட்டு வெள்ளை மதத் தலைவர்களுக்கான பதில். அதே போராட்டத்தில் சேர்ந்தவர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழி அட்டையிலோ கையாலும் நாவாலும் மனதாலும் வன்முறை செய்வதில்லை என்ற வாக்கு இருந்தது. கோபமும் நாவடக்கமும் சேர்ந்தே நிற்க முடியும் என்பதற்கு அந்த அட்டை ஆதாரம். ஆனால் அந்த இயக்கம் கையெழுத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் மெதடிஸ்ட் மிஷனரியாக இருந்து காந்தியின் வழியைப் படித்துத் திரும்பிய ஜேம்ஸ் லாசன், அதற்கு முன்பே நாஷ்வில்லில் மாணவர்களை உட்காரவைத்து, ஒரு பகுதியினர் மறு பகுதியினரை வாய்க்கு வந்தபடி ஏசும் ஒத்திகைகளை நடத்தினார். வசை காதில் விழும்போது வாய் திறக்காமல் இருப்பதைப் பயிற்சியாகவே செய்தார்கள்.

பெவர்லி ஹாரிசன் என்ற அமெரிக்க ஒழுக்கவியலாளர் 1981இல் வெளியான கட்டுரையில், கோபம் அன்புக்கு எதிரி இல்லை, உறவில் ஏதோ தவறாக இருக்கிறது என்று அறிவிக்கும் உணர்வு என்று வாதிட்டார். கோபத்தைக் கொடிய பாவங்களில் ஒன்றாகப் பயின்று வந்த பெண்கள் அதைப் படித்தபோது என்ன உணர்ந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். நம் ஊரிலும் சாந்த குணம் எல்லாருக்கும் சமமாகப் போதிக்கப்படுவதில்லை. சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் என்று பிரித்துவைத்த இடங்களில், கேள்வி கேட்ட தலித் கிறிஸ்தவர்களிடம்தான் கோபத்தை விட்டுவிடச் சொன்னார்கள். சுவர் எழுப்பியவர்களிடம் யாரும் யாக்கோபுவைப் படித்துக் காட்டியதாகத் தெரியவில்லை. அந்த நாவு அதிகாரம் தொடங்குவதே போதகர்களை எச்சரித்துத்தான். உபதேசிக்கிறவர்களுக்குத் தீர்ப்பு அதிகம் என்று சொல்லிவிட்டுத்தான் யாக்கோபு கடிவாளத்துக்கு வருகிறார் (3:1). மைக் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே முதல் பாடம்.

வீட்டுக்குள் வந்தால் இது இன்னும் கூர்மையாகிறது. அகஸ்டின் தம் தாயார் மோனிக்காவைப் புகழும் பகுதி நம் திருமணப் பிரசங்கங்களில் அடிக்கடி எட்டிப் பார்க்கும். கணவர் பட்ரிசியஸ் முன்கோபி. அவர் கொதிக்கும்போது மோனிக்கா எதிர்த்துப் பேசமாட்டார், ஆறிய பிறகு நிதானமாக எடுத்துச் சொல்வார். தவணை கொடுக்கும் வித்தை தெரிந்தவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே பத்தியில், முகத்தில் அடிபட்ட தழும்புகளோடு அயல்வீட்டுப் பெண்கள் தங்கள் கணவர்களைப் பற்றி முறையிடுவதும் வருகிறது. நாவை அடக்குங்கள் என்பதே மோனிக்கா அவர்களுக்குச் சொன்ன புத்தி. அந்தக் கணவர்களிடம் யாராவது பேசினார்களா என்று அகஸ்டின் எழுதவில்லை. அரசனின் கோபத்துக்கு அம்புரோஸ் கேட்ட கணக்கை அந்தத் தெருவில் யாரும் கேட்கவில்லை.

நம்மிடம் இன்று சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் வன்முறையாகக் கணக்கிடவில்லை. ஏச்சு, இழிசொல், பட்டப்பெயர், குழந்தையில்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ குத்திக் காட்டும் பேச்சு ஆகியவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. போதகர்களுக்கும் ஆயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணவனின் கோபத்தைப் பற்றி உங்களிடம் அழுதுகொண்டு வரும் பெண்ணுக்கு நீதிமொழிகளிலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் முன், அந்தக் கணவனை ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டு விசாரியுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. ஆராதனை நேரம் எழுதியிருக்கும் அதே அறிவிப்புப் பலகையில் அதையும் எழுதிவையுங்கள்.